இலை நோயும் இலயத்து வரலாறும்

தோட்டப்புறத் தமிழரின் வரலாற்றை நாம் பெரும்பாலும் கப்பலிலிருந்தே தொடங்குகிறோம். அதனை ஓர் இலையிலிருந்தும் தொடங்கலாம்.

1869ஆம் ஆண்டு இலங்கைக் காப்பிச் செடிகளின் இலையடியில் செம்மஞ்சள் துரு படர்ந்தது. 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்னும் பூசணமே அது. 1880இல் அங்குச் சென்று ஆராய்ந்த மார்ஷல் வார்டு, அதன் வித்துகளைக் காற்று சுமந்து செல்வதையும், இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டது அதற்குத் துணைநின்றதையும் விளக்கினார். காப்பி வீழ்ந்தது. இலங்கைத் துரைமார் சிலர் மலாயாவில் புதுநிலம் தேடினர். ஹெஸ்லாப் ஹில் என்பவர் சுங்கை ஊஜோங்கில் காப்பி பயிரிட்டார். 1895இல் சுங்கை ஊஜோங் நெகிரி செம்பிலானோடு இணைந்தது.

நோயைத் தாங்குமென நம்பி இங்கு நட்ட லைபீரியக் காப்பியின் இலைகளைப் பருந்து அந்துப்பூச்சியின் புழுக்கள் மொட்டையடித்தன. பிரேசிலின் மிகுவிளைச்சலால் விலையும் சரிந்தது. காப்பி நின்ற நிலத்தில் ரப்பர் எழுந்தது. மீண்டும் ஒரே பயிர்.

இலயத்தின் கொல்லைப்புறமோ வேறு வகையினது. அங்கு மாவும் கொய்யாவும் எலுமிச்சையும் முருங்கையும் கலந்து நின்றன. எலுமிச்சையின் சொறிநோய் மாமரத்தைப் பற்றாது. ஒன்று நலிந்தாலும் மற்றொன்று காய்க்கும். எலுமிச்சை இலை கறுத்தால் அதைக் கழுவுவது மட்டும் போதாது. சாறுறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் இனிய நீரில்தான் கரும்பூசணம் வளர்கிறது. அந்நீரை நாடும் எறும்புகள் பூச்சிகளுக்குக் காவலாகின்றன. எறும்பின் வழியைத் தடுத்து, பூச்சி அடர்ந்த கிளையைக் கழித்தால் நோய் தணியும்.

வார்டும் ஹில்லும் நூல்களில் நிலைத்துவிட்டனர். இலைகளை நாள்தோறும் கையால் தொட்ட நம் முன்னோர் நோய்க்கும் பூச்சிக்கும் வழங்கிய பெயர்களோ பெரும்பாலும் பேச்சிலேயே தங்கின. தோட்டங்கள் துண்டாடப்பட்டு இலயங்கள் கலைய, அச்சொற்களும் கலைகின்றன.

ஆகவே ஆசிரியர்கள் மாணவரைப் பள்ளிக்கருகிலுள்ள ஒரு மரத்தடிக்கு அழைத்துச் செல்லட்டும். மாணவர்கள் நோயுற்ற இலையொன்றை வீட்டு முதியவரிடம் காட்டி, அதற்கு அவர் சொல்லும் பெயரையும் செய்த மருந்தையும் எழுதி வரட்டும். கலைச்சொல் அகராதிக்கு அப்பெயர்கள் வேண்டும். நம் வரலாற்றுக்கும் அவை வேண்டும்.