இறுக்கமும் தளர்வும்

அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயத்தை முதன்முறையாகப் பார்க்க அமர்வோரைத் திகைக்க வைப்பவை 'டைட்', 'லூஸ்' என்னும் இரு சொற்கள். நாமும் திகைத்தோம். இறுக்கம் உறுதியைக் குறிக்கும், தளர்வு பழுதைக் குறிக்கும் என்று பொருள் கொண்டோம். அது பிழை.

வளைவில் முன்சக்கரங்கள் முதலில் பிடிப்பை இழந்தால், எவ்வளவு திருப்பினாலும் வண்டி திரும்ப மறுத்து வெளிச்சுவரை நோக்கிச் செல்லும். இது 'டைட்'. பின்சக்கரங்கள் முதலில் பிடிப்பை இழந்தால், வண்டியின் பின்பகுதி விலகிச் சுழல முற்படும். இது 'லூஸ்'. இரண்டும் குறைகளே. எனினும் அளவான தளர்வில் வேகம் காண்போர் உண்டு.

வண்டியின் பிடிப்பைப் பற்றிய வழக்கு இப்பந்தயத்தோடு உடன்பிறந்தது. 1947 டிசம்பரில் டேடோனா பீச்சில் பில் ஃபிரான்ஸ் கூட்டிய கூட்டத்திலிருந்து உருவானது நாஸ்கார் அமைப்பு. விற்பனைக்கு வரும் கார்களை மாற்றாமல் ஓட்டவேண்டும் என்ற விதியுடன் அது தொடங்கிய பந்தய வரிசையின் முதற்போட்டி, 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரின் மண்தடத்தில் நடந்தது. ஃபோர்டு காரில் முதலாவதாக வந்தவர் க்ளென் டனவே. சோதனையில், அக்காரின் பின்புற ஸ்பிரிங்குகள் மாற்றியமைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. கள்ளச்சாராயம் கடத்துவோர், சுமையோடு விரையும் வண்டி நிலைகுலையாதிருக்கக் கையாண்ட உத்தி அது. வெற்றி, லிங்கன் காரில் வந்த ஜிம் ரோப்பருக்குச் சென்றது. டனவே ஓட்டிய காரின் உரிமையாளர் தொடுத்த வழக்கும் தள்ளுபடியானது.

அன்று வெற்றியைப் பறித்த அவ்வகைத் திருத்தம், பின்னாளில் விதிக்குட்பட்டுப் பந்தயத்தின் நடுவிலேயே நடக்கலாயிற்று. ஓட்டுநர் ரேடியோவில் 'டைட்' என்றால், குழுவினர் பின்கண்ணாடி வழியே நீண்ட திருகியை நுழைத்து, வலது முன்சக்கரமும் இடது பின்சக்கரமும் சேர்ந்து தாங்கும் பாரத்தைக் குறைப்பர். 'வெட்ஜ்' எடுத்தல் என்பர் இதனை. 'லூஸ்' என்றால் திருகுவது எதிர்த்திசையில். சொல்லைத் தவறாகச் சொன்னால் குறை இரட்டிப்பாகும், எதிரே சுவர்.

2022இல் முதன்மைத் தொடரின் கார் புதிதாக வடிவமைக்கப்பட்டபோது, பின்னச்சைத் தாங்கிய 'டிராக் பார்' என்ற உறுப்பு நீங்கியது. அத்தொடரில் அப்பெயருக்கும் வேலையில்லாமற் போயிற்று. 'டைட்', 'லூஸ்' இரண்டும் நின்றன. அவை உறுப்பின் பெயர்களல்ல. ஓட்டுநரின் கையும் முதுகும் உணர்வதன் பெயர்கள். வழக்கொழிந்த சொற்களை வகுப்பில் எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கு, ஒரு சொல் எதனால் நிலைக்கிறது என்பதைப் பந்தயத்தடமும் கற்பித்தது.