சக்கரம் சுழன்றால் செய்தி

வீட்டு விளக்கையும் கதவையும் கம்பியின்றி இயக்கும் இக்காலக் கருவிகள், குறித்த இடைவெளியில் சிறு குறிப்பொன்றை அனுப்பித் தாம் இயங்குவதை உணர்த்துகின்றன. குறிப்பு நின்றால், பழுது கருவியிலா, இடைவழியிலா? இதே கேள்வி யாழ்ப்பாணக் குடாநாட்டில் முன்னரும் எழுந்ததுண்டு.

1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. வானொலிப் பெட்டிக்கு உயிரூட்டத் துவிச்சக்கர வண்டியே துணையாயிற்று. பின்சக்கரம் நிலத்தில் படாதவாறு வண்டியை நிறுத்தி ஒருவர் மிதிப்பார். டைனமோ தரும் அழுத்தம் ஏறத்தாழ 6 வோல்ற்று, 1.5 வோல்ற்றுப் பற்றரிகள் நான்கு சேர்ந்து தருவதும் அவ்வளவே. ஆனால் டைனமோவில் பிறப்பது ஆடலோட்டம். அதை நேரோட்டமாக்க டயோட்டுகள் வேண்டும். பழைய பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கும் வழக்கமுடைய இளைஞருக்கு இது பெரிய வித்தையன்று.

தமிழோசையும் மனிலாவின் வெரித்தாஸ் வானொலியும் இவ்வாறே கேட்கப்பட்டன. மிதிப்பவர் களைத்தால் குரல் தேயும். அறவே நின்றுவிட்டால், முள்ளை வேறு நிலையத்துக்குத் திருப்பிப் பார்க்கலாம். அங்கே ஒலி கேட்டால் பெட்டியிற் குறையில்லை. எங்குமே கேளாவிடில் குறை பெரும்பாலும் வீட்டில்தான்.

ஒலிபரப்பாளருக்கு அந்த வசதியும் இல்லை. கேட்பவர் இருக்கிறாரா என்பதைக் கடிதம் வந்தாலன்றி அவர் அறியார். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் திரளாகத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, துவிச்சக்கர வண்டிகளில் மூட்டைகள் ஏறின. ஒலிபரப்பு வழமைபோல் நடந்தது.