தோட்ட ஆபீசும் மேகச் சேமிப்பும்



செண்டாயானில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்னும் புதுநகரம் எழுந்துள்ளது. மரங்கள் போயின; லயங்கள் போயின. தோட்ட ஆபீசில் இருந்த ஏடுகள் என்னவாயின?

தோட்டம் என்பது ஒரு வணிக நிறுவனம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். காலைப் பெரட்டில் கிராணியார் பெயர் வாசிப்பார். வந்தவர் பெயர் செக்ரோலில் ஏறும். அதைக் கொண்டே சம்பளம். மாதக் கணக்கு ஏஜென்சி நிறுவனத்திற்குப் போகும். அங்கிருந்து அறிக்கை லண்டன் முதலாளிகளுக்குப் போகும். ஒரே செய்தி மூன்று இடங்களில்! ஆகவே தோட்டம் அழிந்தும் நிறுவனத்தின் கதை அழியவில்லை. ஹரிசன்ஸ் அண்ட் குரோஸ்பீல்ட் ஏடுகளை லண்டன் நகர ஆவணக் காப்பகத்திலும், கத்ரி நிறுவனத்தின் ஏடுகளை லண்டன் சோவாஸ் நூலகத்திலும் இன்றும் காணலாம்.

பால் வெட்டியவரின் ஆவணமோ தகரப் பெட்டியில் இருந்த ஒற்றைத் தாள். கூரை ஒழுகினாலோ கறையான் ஏறினாலோ முடிந்தது. பதிவே செய்யப்படாத பிறப்புகளும் இருந்தன. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்து, குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெறவேண்டும் என்றானபோது, பல்லாயிரம் தோட்டத் தமிழர் கப்பலேறினர். தாளின் மதிப்பை நம் சமூகம் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

மேகச் சேமிப்பு என்பது, என் பார்வையில், பழைய ஏஜென்சி முறையே. அமேசான் 2006இல் இதை வாடகைக்கு விடத் தொடங்கியது. கூகள் டிரைவ் 2012இல் வந்தது. லண்டன் முதலாளிக்கு மட்டும் வாய்த்த வசதி இன்று உணவுக்கடையோ லாரியோ வைத்திருக்கும் பெற்றோருக்கும் வாய்த்துள்ளது. வருமான வரிக்கான கணக்குகளை 7 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்கிறது சட்டம். கடை ரசீதின் மையோ சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது! வாங்கிய அன்றே கைப்பேசியில் படமெடுத்து ஏற்றிவிடுவதே நல்லது.

ஆயினும், மேகம் என்ற பெயரைக் கேட்டு மயங்கவேண்டாம். அதுவும் எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் இயந்திரமே. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் டேஜோன் நகர அரசுத் தரவு மையம் தீப்பற்றியது. அரசு ஊழியர்களின் கோப்புகளைத் தாங்கிய ஜி-டிரைவ் என்னும் சேமிப்பில் 858 டெராபைட் எரிந்துபோயிற்று. வெளியிடத்தில் மறுபடி இல்லை. அளவு பெரிது என்பதால் எடுக்கவில்லையாம்! தகரப் பெட்டிக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? ஆகவே ஒரு படி மேகத்தில், ஒரு படி வீட்டு வன்தட்டில், மூலத்தாள் பத்திரமாக.

கணக்கு யார் பெயரில் என்பதையும் பாருங்கள். பள்ளியோ முதலாளியோ தந்த கணக்கு அவர்களுடையது. நாம் விலகினால் அது மூடப்படலாம். குடும்பப் பத்திரங்களுக்குச் சொந்தக் கணக்கு வேண்டும். கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவரும் அறிந்திருக்கவேண்டும்.

இன்னொன்று. அக்காலத்தில் காதில் விழுந்தபடி எழுதியதால், ஒரே முனியாண்டி மூன்று பத்திரங்களில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பார். ரோமன் எழுத்தில் ஒன்றைத் தேடினால் மற்ற இரண்டும் அகப்படா. பத்திரத்தில் உள்ளதை மாற்ற நமக்கு உரிமையில்லை. கோப்பின் பெயர் நம் கையில். தாத்தாவின் பெயரைத் தமிழில் ஒரே முறையில் எழுதி, பிறந்த ஆண்டையும் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.