கவச ரயிலும் நம்ம வட ஆற்காட்டு ஆட்களும்

ஆம்பூர், வாணியம்பாடி தோல் கப்பல் ஏறின கதை பட்டணத்துல இருக்கிற உங்களுக்கும் தெரியும். ஆளுங்க கப்பல் ஏறின கதை அவ்வளவா தெரியாது. தென்னாப்பிரிக்கா நேட்டாலில் கரும்பு வெட்ட, 1860-ல் முதல் கப்பல் சென்னையிலிருந்துதான் போனது. அதன்பின் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள் நிறைய.

1899-ல் அங்கே சண்டை வந்தது. ஒரு பக்கம் வெள்ளைக்கார அரசு. மறுபக்கம் போயர்கள். டச்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு விவசாயி என்றே அர்த்தம்.

வெள்ளைக்காரன் கவச ரயிலை நம்பினான். நடுவில் எஞ்சின், முன்னும் பின்னும் இரும்புத் தகடு அடித்த வண்டிகள், துப்பாக்கி நீட்ட ஓட்டைகள். பார்க்க பயமாத்தான் இருக்கும். ஆனா செக்குமாடு மாதிரி, அது போற தடம் எல்லாருக்கும் தெரியும். நவம்பர் 15 அன்று எஸ்ட்கோர்ட்டிலிருந்து கிளம்பி சிவெலி வரை போன ரயில் திரும்பும்போது, போயர்கள் தண்டவாளத்தில் கல்லைப் போட்டுவிட்டார்கள். வண்டிகள் கவிழ்ந்தன. எஞ்சின் மட்டும் காயம்பட்ட சிலரோடு தப்பியது. பிடிபட்டவர்களில் 24 வயதுப் பத்திரிகை நிருபர் ஒருவர்: வின்ஸ்டன் சர்ச்சில். பிறகு சிறையிலிருந்து தப்பினார், அந்தப் புகழோடு அரசியலில் ஏறினார்.

சரியா ஒரு மாசம் கழித்து, டிசம்பர் 15 அன்று, அதே சிவெலிக்குப் பக்கத்தில் கொலென்சோ சண்டை. அடிபட்ட சிப்பாய்களைத் தூக்கியவர்கள் காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படை. சுமார் 1,100 பேர். அதில் 800 பேர் வரை தோட்டத்துக் கூலிகள். இரும்புத் தகடு இல்லை, துப்பாக்கி இல்லை, தோளில் ஸ்ட்ரெச்சர் மட்டும். அடுத்த மாசம் ஸ்பியன் கோப் சண்டையின்போது ஒரு நாளைக்கு 20, 25 மைல் நடந்தார்கள். தண்டவாளம் இல்லாத இடத்துக்கும் போனது அந்தக் கால்கள்தான்.

போர்ப் பதக்கம் தலைவர்கள் 37 பேருக்குக் கிடைத்தது. தூக்கிச் சுமந்த கூலிகள் வரலாற்றில் வெறும் எண்ணிக்கை. சர்ச்சில் ஏறிய ரயிலைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக இருக்கு. இவங்களுக்குப் பேர்கூட இல்லை.

வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கம் பூர்வீகம் உள்ளவங்க, வீட்டுப் பெரியவங்க இருக்கும்போதே கேளுங்க: நம்ம வகையறாவில் நேட்டாலுக்குப் போனவங்க உண்டா? பேர் கிடைச்சா எழுதி வையுங்க.