பதியப்படாத விபத்து: நாட்டுப்புற வீதிகளும் பிளாக் ஸ்பொட் நிதியும்

அவுஸ்திரேலியாவில் வீதி விபத்துகளில் இறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பெருநகரங்களுக்கு வெளியேதான் இறக்கிறார்கள். அங்கே வாழ்பவர்களோ சனத்தொகையில் சிறு பங்கினர். எம்மவர் பலருக்கு இது வெறும் புள்ளிவிபரம் அல்ல. ஷெவ் விசாவோடு, பிராந்தியப் பகுதியில் வேலை செய்தால் வேறு விசாவுக்கு வழி பிறக்கும் என்ற நம்பிக்கையில், இறைச்சித் தொழிற்சாலைக்கும் பழத்தோட்டத்துக்கும் விடியமுன்னம் வானில் ஏறிப் போனவர்கள் நாம். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம், நடுவில் தடுப்பு இல்லை, ஓரத்தில் பெருமரங்கள். போதாததற்குக் கங்காருவும் குறுக்கே பாயும்.

இப்படியான இடங்களைத் திருத்த மத்திய அரசு வைத்திருக்கும் நிதிதான் பிளாக் ஸ்பொட் திட்டம். 1990இல் மூன்று வருடங்களுக்கென்று தொடங்கி, இடையில் நின்று, 1996இல் மீண்டும் வந்தது. வருடத்துக்கு 110 மில்லியன் டொலராக இருந்த ஒதுக்கீட்டை 150 மில்லியனாக உயர்த்துவதாக 2023இல் அறிவித்தார்கள். சுற்றுவட்டம், சமிக்ஞை விளக்கு, ஓரத் தடுப்பு, விலகினால் சத்தமிடும் கோடு போன்ற சிறு வேலைகளுக்கே இந்தப் பணம். 2012இல் வெளியான அரச மதிப்பீடு, திருத்திய இடங்களில் உயிரிழப்பு, காயம் ஏற்படுத்தும் விபத்துகள் 30 வீதம் குறைந்ததாகக் கண்டது. சுற்றுவட்டம் போட்ட இடங்களில் குறைவு 70 வீதத்துக்கும் மேல்.

கொமர்ஸ் படித்த எமக்கு இதன் தெரிவு முறை பழகிய கணக்குத்தான். ஒரு பக்கம் வேலைச் செலவு, மறுபக்கம் தவிர்க்கப்படும் விபத்துகளின் பெறுமதி. இரண்டாவது பக்கத்தை நிரப்புவது பெரும்பாலும் கடந்த ஐந்து வருட விபத்துப் பதிவு. வாகனம் குறைந்த நாட்டுப்புற வீதி இங்கேதான் பின்தங்குகிறது. அதற்காகவே நிதியில் ஒரு பங்கு நகருக்கு வெளியே ஒதுக்கப்படுகிறது. விபத்துப் பதிவு போதாத இடத்தையும் வீதிப் பாதுகாப்புக் கணக்காய்வு அறிக்கையோடு முன்வைக்கலாம்.

ஆனால் பதிவே இல்லையென்றால்? நாங்கள் வேலைக்குப் போன பாதையில் ஒரு ரீ சந்தி. எமக்குத் தெரிய இரண்டு முறை எம்மவர் வான் அங்கே கானுக்குள் இறங்கியது. ஒருவருக்குக் கை முறிந்தது. விசாவுக்குப் பிரச்சினை வருமென்று பயந்து, பொலிசுக்குச் சொல்லாமல் இழுத்தெடுத்துக்கொண்டு வந்தோம். பேரேட்டில் அந்தச் சந்தி இன்றும் சுத்தமாக இருக்கும். உண்மையில், காயம் ஏற்பட்ட விபத்தை அறிவிப்பது எல்லா மாநிலங்களிலும் சட்டக் கடமை. மறைத்ததுதான் பிழை. அந்தப் பிழையில் எமக்கும் பங்கு உண்டு.

இடத்தை முன்மொழிய உள்ளூர்ச் சபையாகவோ பொறியியலாளராகவோ இருக்கத் தேவையில்லை. தனியாளும் செய்யலாம், சங்கமும் செய்யலாம். மாநிலந்தோறும் உள்ள ஆலோசனைக் குழு அவற்றைப் பார்க்கும். வீதியின் பெயர், அருகிலுள்ள குறுக்கு வீதி, என்ன வகை விபத்து, எந்த நேரம், பனிமூட்டமா எதிர்வெயிலா என்பவற்றை எழுதுங்கள். படமும் வையுங்கள். சபையின் பொறியியல் பிரிவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். செலவு மதிப்பீட்டை அவர்கள்தான் போடுவார்கள். ஆங்கிலம் தடையென்றால் ஊர்ச் சங்கத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு பின்னேர வேலை.