குடுமியான்மலையும் நெடுவாசலும்

புதுக்கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது குடுமியான்மலை. மலை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். உண்மையில் அது ஒரு குன்று. பழைய சாஸனங்கள் அதைத் திருநலக்குன்றம் என்று அழைக்கின்றன. அடிவாரத்தில் சிகாநாதசுவாமி கோயில்; அதன் பின்னே பாறையைக் குடைந்து செய்த மேலைக்கோயில்; அதன் பக்கத்தில் சங்கீதக் கல்வெட்டு. இந்தக் கல்வெட்டைப் பார்ப்பதற்காகவே நான் பலமுறை அங்கே போயிருக்கிறேன்.

எனக்குச் சங்கீத ஞானம் அதிகம் கிடையாது. கிரந்த எழுத்தையும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் அந்தப் பாறைக்கு எதிரே நிற்கும்போது மனத்துக்குள் ஒரு பணிவு வந்துவிடுகிறது. ஏழு பகுதிகளாக, வரிசை வரிசையாக, ஸ்வரங்களைக் கொத்தி வைத்திருக்கிறார்கள். ருத்ராசாரியர் என்பவருக்குச் சீடனாக இருந்த ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று கல்வெட்டே சொல்லுகிறது. அந்த அரசன் மகேந்திரவர்ம பல்லவன்தான் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அதை ஒப்பாத அறிஞர்களும் உண்டு. ஏழாம் நூற்றாண்டு எழுத்து என்று கணித்திருக்கிறார்கள். யார் செய்திருந்தால் என்ன? தனக்குத் தெரிந்ததைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், வெயிலும் மழையும் படுகிற பாறையில், போகிறவன் வருகிறவன் எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைத்தானே, அதுதான் பெரிது.

சென்ற முறை நான் போயிருந்தபோது, மண்டபத்துத் திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வேண்டுதலுக்காகக் குடும்பத்தோடு வந்தவர். நான் வெகுநேரம் பாறையையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்கய்யா எழுதியிருக்கு அதிலே?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"ஆயிரத்து முந்நூறு வருஷமாவா அழியாம இருக்கு?"

"ஆமாம். கருங்கல் அல்லவா?"

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க ஊரைப் பத்தியும் ஒரு எழுத்து எழுதினாங்க. எழுதி முடிச்சப்புறம் பேப்பரைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது" என்றார்.

"எந்த ஊர் ஐயா?"

"நெடுவாசல் பக்கம்."

அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தமிழ்நாட்டில் அந்த ஊரின் பெயரைக் கேட்டு, "அது எங்கே இருக்கிறது?" என்று விசாரிக்கிற காலம் 2017-ஆம் ஆண்டோடு போய்விட்டது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் நிலவியலைச் சிறிது சொன்னால்தான் இந்தக் கதை விளங்கும். மேற்கே, குடுமியான்மலை இருக்கும் பகுதி, கெட்டியான பாறை. மண்ணைச் சற்றுத் தோண்டினாலே கல் முட்டும். அதனால் இங்கே முன்னோர்கள் மழைநீரை நம்பி ஏரிகளையும் கண்மாய்களையும் வெட்டினார்கள். சமஸ்தானக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1929-ல் அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தைப் புரட்டினால், குளம் வெட்டியவன், குமிழி வைத்தவன், ஏரியைப் பராமரிக்க நிலம் விட்டவன் என்று எத்தனை பேர்! யார் செய்தார், எதற்காகச் செய்தார், யார் காக்க வேண்டும் என்று எல்லாம் கல்லில் இருக்கும். தண்ணீரைப் பற்றிய ஏற்பாடு ஊருக்குத் தெரியாத ரகசியமாக இருக்கக் கூடாது என்பது அந்தக் காலத்து நியாயம்.

கிழக்கே போகப் போக, ஆலங்குடியைத் தாண்டியதும், பாறை கீழே இறங்கிவிடுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த வண்டலும் மணற்கல்லும் அதன்மேல் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. காவிரிப் படுகை என்று நிலவியலார் சொல்வது இதைத்தான். நெடுவாசல், வடகாடு, நல்லாண்டார்கொல்லை, வாணக்கன்காடு, கருக்காக்குறிச்சி ஆகிய ஊர்களெல்லாம் இந்த மண்ணில்தான் இருக்கின்றன. ஆற்றுப் பாசனம் எல்லோருக்கும் எட்டாத பூமி. ஆனால் ஆழ்குழாய்க் கிணறு போட்டால் நல்ல தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரை நம்பி நெல், கடலை, வாழை, தென்னை, பலா, பூ என்று அந்த ஜனங்கள் ஒரு தோட்டத்தையே உண்டாக்கிவிட்டார்கள். வடகாட்டுப் பலாப்பழத்தின் வாசனை சந்தைக்கு முன்னாலேயே வந்துவிடும் என்பார்கள்.

அதே மண்ணடுக்குகளின் வெகு ஆழத்தில் எண்ணெயும் எரிவாயுவும் இருக்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன்பே சோதனைத் துளைகள் போட்டுப் பார்த்தார்கள். குத்தகைக்கு நிலம் கொடுத்தவர்கள், ஏதோ மண்ணெண்ணெய் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கொடுத்தார்கள். பிறகு துளைகளை மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

2017 பிப்ரவரி 15-ஆம் தேதி, நாடெங்கும் 31 சிறிய எண்ணெய், எரிவாயுப் பகுதிகளை ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுக்க மத்திய மந்திரிசபைக் குழு ஒப்புதல் அளித்தது. அதில் நெடுவாசலும் ஒன்று. பரப்பு 10 சதுர கிலோமீட்டர். எடுத்தது கர்நாடகத்தைச் சேர்ந்த ஒரு தனியார் நிறுவனம். மறுநாளே ஊர் திரண்டுவிட்டது.

"'ஹைட்ரோகார்பன்'னு ஒரு வார்த்தை. எங்க வாயிலே அது நுழையவே ரெண்டு நாளாச்சு" என்றார் பெரியவர். "அப்புறம் எங்க பேரப்பிள்ளைங்க எங்களுக்குப் படிச்சுச் சொன்னாங்க. அமெரிக்காவிலே பாறையைத் தண்ணி விட்டுப் பிளக்கிறாங்களாமே, நிசமா?"

நிஜம்தான். அந்தச் சரித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன்.

1947-ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாகாணத்தில், ஹியூகோட்டன் என்ற எரிவாயு வயலில் முதன்முதலாக அந்தப் பரீட்சை நடந்தது. 1949-ல் அது வியாபாரமாயிற்று. கெட்டியான பாறைக்குள் சிறைப்பட்டிருக்கும் வாயு தானாக வெளியே வராது. ஆகவே, துளையின் வழியே பெரும் அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். பிளவு மறுபடி மூடிக்கொள்ளாமலிருக்க மணலையும் சேர்த்து அனுப்புகிறார்கள். ஐம்பது ஆண்டுகள் வரை இது ஒரு சிறு உபாயமாகவே இருந்தது. 1990-களில் டெக்சாஸில் ஜார்ஜ் மிட்செல் என்பவருடைய நிறுவனம் களிப்பாறையிலிருந்து வாயு எடுக்கும் வழியைக் கண்டபின், துளையைப் பூமிக்குள் படுக்கை வாட்டத்தில் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோகும் கலையும் சேர்ந்துகொண்டது. பிறகு அமெரிக்காவின் எரிபொருள் சரித்திரமே மாறிவிட்டது.

இதற்குக் கொடுத்த விலை என்ன? முதலாவது, தண்ணீர். ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேலும் செலவாகும். அதில் பெரும்பகுதி தண்ணீரும் மணலும்தான் என்றாலும், கலக்கும் இரசாயனங்கள் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு லட்சம் லிட்டர் ஆயிற்று. இரண்டாவது, திரும்பி வரும் தண்ணீர். போனது போல அது வருவதில்லை. பாதாளத்து உப்பையும், பேரியம், ரேடியம் போன்றவற்றையும் கரைத்துக்கொண்டு வருகிறது. அதை எங்கே கொட்டுவது? ஒக்லஹோமா மாகாணத்தில் கழிவுநீரை ஆழத்தில் செலுத்தினார்கள். பூமி நடுங்கத் தொடங்கிற்று. 2016 செப்டம்பர் 3-ஆம் தேதி பானி என்ற ஊரில் 5.8 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது.

மூன்றாவது, மனிதருடைய உடல். பென்சில்வேனியாவில் டிமோக் என்ற கிராமத்தில், 2009-ஆம் ஆண்டு புத்தாண்டு தினத்தன்று ஒரு வீட்டுக் குடிநீர்க் கிணறு வெடித்தது. மீத்தேன் தண்ணீரோடு கலந்திருந்தது. அந்த மாகாணத்தில் 2004 முதல் 2013 வரை நிகழ்ந்த சுமார் 11 லட்சம் பிரசவங்களை ஆராய்ந்து 2017-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இத்தகைய கிணற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடியிருந்தது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் அந்தத் தீங்கு தென்படவில்லை. வேலை செய்யும் தொழிலாளிகளுக்கோ, மணல் தூசியால் நுரையீரல் நோய் வரும் ஆபத்து.

எல்லாக் கிணறுகளும் கெட்டுப் போயின என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 2016 டிசம்பரில் நிதானமாகத்தான் தீர்ப்புச் சொன்னது: சில சூழ்நிலைகளில் குடிநீருக்குக் கேடு வரக்கூடும். இரும்புக் குழாயைச் சுற்றிப் பூசும் சிமெண்டு சரியில்லையென்றால், கழிவுநீர் சிந்தினால், அதைக் குட்டையில் தேக்கினால் - இப்படிப் பல வழிகள். 'சில சூழ்நிலை' என்பது அலுவலகத்தில் இருப்பவருக்கு ஒரு சொல். ஒரே கிணற்றை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அதுதான் வாழ்வு. பிரான்ஸ் 2011-லேயே இந்த முறையைத் தடை செய்தது. நியூயார்க் மாகாணம் 2014-ல் மக்கள் நலத்தைக் காரணமாகச் சொல்லி வேண்டாம் என்றது.

இதையெல்லாம் கேட்ட பெரியவர், "எங்க ஊர்லே அப்படிப் பிளக்க மாட்டோம்னு அதிகாரிங்க சொன்னாங்க" என்றார்.

உண்மை. இது வழக்கமான முறையில் எடுக்கும் திட்டம் என்றுதான் அரசுத் தரப்பில் சொன்னார்கள். நெடுவாசலில் பாறை பிளக்கப்படவும் இல்லை. ஆனால் அந்த ஒப்பந்தக் கொள்கையின்படி ஒரே உரிமத்தில் எந்த வகை ஹைட்ரோகார்பனையும் எடுக்கலாம். "இன்று இந்த முறை, நாளைக்கு?" என்ற கேள்விக்கு அந்த ஏட்டில் வேலி இல்லை. படிப்பில்லாதவர்கள் என்று நாம் நினைக்கிறவர்கள் அந்த இடத்தைத்தான் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்களுக்கு முன்னாலேயே ஒரு பாடம் நடந்திருந்தது. 2010-ல் தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீட்டரில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் ஆயிற்று. நிலக்கரி அடுக்கில் உள்ள தண்ணீரை இறைத்தால்தான் அந்த வாயு வரும். கடலோர டெல்டாவில் அடிநீரை இறைத்தால் உப்புநீர் உள்ளே வராதா என்று விவசாயிகள் கேட்டார்கள். இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து அதைச் சொன்னார். 2013 டிசம்பர் 30-ல் அவர் காலமானதும் அந்தப் பிரசாரத்தின் நடுவில்தான். 2015-ல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிராகரித்தது.

நெடுவாசலில் முதல் போராட்டம் 22 நாள் நடந்தது. 'மக்கள் விரும்பாவிட்டால் திட்டம் வராது' என்ற வாக்குறுதிகளை நம்பி மார்ச் 9-ஆம் தேதி நிறுத்தினார்கள். மார்ச் 27-ஆம் தேதி டில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஏப்ரல் 12-ல் மறுபடி உட்கார்ந்தார்கள். இம்முறை 174 நாள்.

"174 நாளும் வந்தீர்களா?" என்று கேட்டேன்.

"நான் வந்தேன். வீட்டிலே அவ அதுக்கு மேலே. காலையிலே பூப்பறிச்சுக் கமிஷன் கடைக்கு அனுப்பிட்டு, சோத்தைக் கட்டிக்கிட்டு வந்து பந்தல்லே உக்காந்துடுவா" என்று சற்றுத் தள்ளி நின்ற மனைவியைக் காட்டினார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டு, "வாய்ச்சொல்லை நம்பி ஒருக்கா எழுந்தோம். மறுதரம் எழுந்திரிக்கக் கால் வரலை" என்றாள்.

வேலை தொடங்கவேயில்லை. 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டசபை, காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி ஒன்றியங்கள் அதில் அடங்கின. ஆனால் ஏற்கெனவே நடந்துவரும் பணிகளை அச்சட்டம் தொடவில்லை. 2021 ஜூன் மாதம் மறுபடியும் ஏல அறிவிப்பு வந்தது. இம்முறை பட்டியலில் இருந்த பெயர் வடதெரு; நெடுவாசலுக்கு அண்டையிலுள்ள கருக்காக்குறிச்சி வடதெரு. முதலமைச்சர் ஸ்டாலின் அதைக் கைவிடுமாறு பிரதமருக்குக் கடிதம் எழுதினார். எழுத்து இருந்தாலும் காவல் வேண்டும் என்பதை அந்த ஊர்கள் அன்று மறுபடி கற்றுக்கொண்டன.

தேசத்துக்கு எரிபொருள் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும்தான். என் வீட்டு அடுப்பிலும் எரிவாயுதான் எரிகிறது. விறகுப் புகையில் கண் கலங்கிய என் தாயாரை நான் மறக்கவில்லை. ஆனால் என் அடுப்பு எரிய இன்னொருவர் கிணற்றைப் பணயம் வைப்பதானால், அந்த இன்னொருவரை முதலில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு அவர் சொல்லும் பதிலுக்கும் கட்டுப்பட வேண்டும்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அதைப் பற்றிக் கேட்டேன்.

"ஒரு ராத்திரியிலே எல்லாம் போச்சுங்கய்யா. மறு வருஷம் கன்னு வெச்சோம். இப்ப காய்க்குது" என்றார் பெரியவர். பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: "தண்ணி இருந்துச்சு, வெச்சோம்."

அவர்கள் புறப்பட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. போகும்போது அந்த அம்மாள் பாறையின் அருகே வந்து, எழுத்தின்மேல் கை படாமல் பார்த்துவிட்டு, "எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதியிருக்காங்க" என்றாள்.

அவளுக்கு அந்த எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கல்வெட்டைப் பற்றி இதுவரை நான் கேட்டதிலும் படித்ததிலும் அவள் சொன்னதுதான் எனக்குச் சரியான விளக்கமாகப் பட்டது.