24 விழுக்காட்டின் பொருள்: குட்டை விரிப்பில் கசிவு தேடும் வேளை குறித்து

பிளாஸ்டிக் ஷீட் விரித்த குட்டைகளில் வேலையெல்லாம் முடிந்தபின் ஒருமுறை கசிவு பார்த்தால் போதும் என்ற கருத்து வேரூன்றியிருக்கிறது. அதற்குச் சான்றாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படுவது, நோஸ்கோவும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1996-இல் வெளியிட்ட கணக்கு. கண்டறிந்த சேதங்களில் 73 விழுக்காடு ஷீட்டின்மேல் மண்ணும் கல்லும் கொட்டும்போதும், 24 விழுக்காடு ஷீட்டை விரித்து ஒட்டும்போதும், 2 விழுக்காடு பின்னரும் நேர்ந்தவை என்கிறது அது. (கூட்டினால் 99, அதை வைத்து வழக்காட விரும்பவில்லை.) சேதத்தில் பெரும்பங்கு கடைசியில் நேர்வதால் சோதனையும் கடைசியில் போதும் என்று இதிலிருந்து முடிவுகட்டினர்.

ஆனால் 73 என்ற எண், மேலே மண் கொட்டப்படும் விரிப்புக்கே உரியது. நம் பண்ணைக் குட்டைகள் பலவற்றில் ஷீட் வெயிலில் திறந்து கிடக்கிறது. மண் மூடும் கட்டமே கிடையாது. அந்தக் கட்டத்தைக் கழித்தால் மிஞ்சும் 26 பங்கில் 24 விரிக்கும் வேலையைச் சேர்ந்தவை. நூற்றுக்கு 92 என்றாகிறது. பங்கீட்டை இப்படி அறுத்தெடுப்பது கரடான முறைதான். திறந்த விரிப்பில் பிற்காலச் சேதம் கூடுதலாகவும் இருக்கலாம். இருந்தும் 24-ஐச் சிறுபான்மை என்று ஒதுக்குவதற்கு அந்த அட்டவணை இடம் தரவில்லை என்பதே என் வாசிப்பு.

இன்னொன்று, கண்ணில் பட்டதையே எண்ண முடியும். துளை வழியே பாயும் மின்னோட்டத்தைக் கொண்டு கசிவைத் தேடும் இன்றைய மின்முறைச் சோதனைகளில், திறந்த ஷீட்டில் நீர் தெளித்துத் தேடும்போது கருவியைச் சரிபார்க்க 1 மி.மீ. துளை போதுமென்றால், மண்மூடியின் மேலிருந்து தேடும்போது 6.4 மி.மீ. துளை வைக்கிறார்கள். கல் குத்திய பெரிய ஓட்டை பிடிபடும். வெல்டிங் விட்டுப்போன ஊசித்துளை தப்பிவிடும். 1996-இன் கருவிக்கும் இதே குறை இருந்ததென்று நான் சாதிக்கவில்லை. ஆனால் மூடியபின் எடுத்த எந்தக் கணக்கும் இந்த ஐயத்துக்கு ஆட்படும்.

நீர் நிரப்பி மட்டம் பார்ப்பதே நேர்மையான சோதனை என்பாரும் உண்டு. 30 மீட்டர் சதுரக் குட்டையில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் 4,500 லிட்டர் போகும். 3 மீட்டர் நீருக்கடியில், கீழே சரளை இருந்து தடையின்றி ஒழுகினாலும் 1 மி.மீ. துளை ஒன்று நாளுக்கு 310 லிட்டரளவே விடும். களிமண் அணைத்திருந்தால் அதனினும் வெகு குறைவு. ஆவியாதலை மதிப்பிடுவதில் 1 மி.மீ. பிழைத்தால் 900 லிட்டர். ஏறத்தாழ மூன்று துளைகள் அதில் ஒளிந்துகொள்ளும். கசிவு தெரிந்தாலும் இடம் தெரியாது. இறைத்து உலர்த்தித்தான் ஒட்டுப்போட வேண்டும்.

ஒட்டுகளைக் காற்றழுத்தத்தால் சோதிக்கிறோமே, அது போதாதா என்ற மறுப்பு நீண்ட பதிலுக்கு உரியதன்று. அது ஒட்டை மட்டுமே பார்க்கிறது. நடுப்பரப்பில் விழுந்த உளிக்கு அது சாட்சியாகாது.

விரித்த ஷீட்டில் சுருக்கங்கள் விழுவதால் மின்சோதனையை நம்ப முடியாது என்ற மறுப்பில் சாரம் உண்டு. ஷீட் தரையோடு படியாத இடத்தில் மின்சோதனை பொய்க்கும். எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் ஷீட் வெயிலில் கணிசமாக நீளும் என்பதால் உச்சிவேளையில் சுருக்கங்கள் எழுந்து நிற்கும். ஆகவே விரித்து ஒட்டி, ஆட்களும் கருவிகளும் வெளியேறிய மறுநாள் விடியலில், நீர் விடுமுன் சோதிப்பதே தக்கது. ஷீட்டின்மேல் பின்னர் மண் பரப்பும் குட்டையானால், பரப்பிய பிறகு இரண்டாம் முறையும் வேண்டும். அதைக் காரணம் காட்டி முதல் சோதனையைத் தள்ளக்கூடாது.